பெண் தொட்டியில் ஓர் ஆண்

வலை மறுபடியும் நழுவியது. அகப்பட்ட இறால் ஒரே சொடுக்கில் பின்னோக்கிப் பாய்ந்து பாசிக்குள் மறைந்தது. அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வலையைத் திரும்ப இறக்கினாள்.

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அது போதாதென்று சாப்பாட்டு மேஜையை இழுத்து வந்து முட்டுக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே தெருவில் யாரோ பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒருத்திக்கு முதுகு சில்லிட்டுக்கொண்டே இருக்க முடியும் என்பது அவளுக்கே புதுச் செய்தி.

இந்தத் தடவை அகப்பட்டது. வலையோடு தூக்கி, உள்ளங்கை அகலக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டாள். பெட்டியை மேஜை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. கீறல் பார்க்க அங்கே வைத்திருக்கும் பூதக்கண்ணாடி இப்போது வீட்டுக்கு வந்திருந்தது. அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள்.

முதலில் வயிறு. வயிற்றோரம் பாவாடை மாதிரி கீழே இறங்கி வளைந்திருந்தால் பெண். முட்டைகளைச் சுமக்க இடம் வேண்டுமே. கத்தியால் சீவியது போல நேராக இருந்தால் ஆண். அப்புறம் முதுகு. தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் அது இன்னும் கீழே இறங்காத முட்டை. பெண்தான், சந்தேகமே வேண்டாம்.

பாவாடை இருந்தது. மஞ்சள் திட்டும் இருந்தது. வாளிக்குள் விட்டாள். அடுத்தது.

அடுத்ததும் பெண். அதற்கடுத்ததும் பெண்.

ஆண் ஒன்று இந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும். இருந்துவிடக் கூடாதே என்றுதான் பயம்.

பின் அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு தொட்டிகள். இடது பக்கம் பெண்கள் மட்டும். வலது பக்கம் ஆண்கள் மட்டும். லேடீஸ் ஹாஸ்டல், ஜென்ட்ஸ் ஹாஸ்டல் என்று பெயர் வைத்தவன் அண்ணன். போனை எடுத்தாலே "வார்டன் மேடம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பான். குஞ்சுகள் வளர்ந்து, ஆணா பெண்ணா என்று தெரிய ஆரம்பிக்கும் பருவத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துப் பிரித்துவிடுவாள். பிறகு யாருக்கு யார் என்று அவள் முடிவு செய்து, ஜன்னலோரம் இருக்கும் சின்னத் தொட்டியில் ஜோடி சேர்ப்பாள். அப்படிச் செய்தால்தான் நல்ல நிறமுள்ள பரம்பரை கெடாமல் நிற்கும். இந்த வீட்டில் காதல் கல்யாணத்துக்கு இடமில்லை என்பது அண்ணனின் இன்னொரு ஜோக். தன்னுடைய காதல் கல்யாணம் முடிந்த லட்சணத்தை நினைத்துக்கொண்டு அவளும் சிரித்து வைப்பாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், லேடீஸ் ஹாஸ்டலில் ஒருத்தி வயிற்றுக்கடியில் முட்டைகளோடு உலாவியதைப் பார்த்தபோது அவள் பதறவில்லை. ஆணே இல்லாவிட்டாலும் சில சமயம் பெண் முட்டை இறக்கும். கரு பிடிக்காத முட்டை. நாலைந்து நாளில் தானே உதறிவிடும். அதனால் காத்திருந்தாள்.

அந்த முட்டைக்காரி உதறவில்லை. குட்டிக் கால்களால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள், தொட்டிலாட்டுவது போல.

இன்று காலை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். கரு பிடிக்காத முட்டைக்குக் கண் முளைக்காது.

அத்தனை முட்டைகளும் அவளையே பார்த்தன. பூதக்கண்ணாடி அவள் கண்ணிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது.

ஆண் இறால் பறந்து வராது. இரண்டு தொட்டிக்கும் கண்ணாடி மூடி இருக்கிறது. நடுவில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு ஆள் நின்றிருக்கிறான். அவள் வலையை எடுத்து, ஒன்றைப் பிடித்து, திரும்பி, எதிர்த் தொட்டியில் விட்டிருக்கிறான். முட்டைக்குக் கண் வரும் அளவுக்கு நாள் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் அவள் ஒன்றும் தெரியாமல் இந்த வீட்டில் குளித்து, சமைத்து, விளக்கை அணைத்துத் தூங்கியிருக்கிறாள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

இந்தச் சிவப்பு இறால்களை வளர்க்க ஆரம்பித்ததே அவன்தான், அவள் விட்டுவிட்டு வந்த கணவன். கடையில் வாங்கும் சாதாரணச் சிவப்பு இறாலில் பெண்தான் நல்ல சிவப்பாக இருக்கும். ஆண் வெளுத்து, கண்ணாடி மாதிரி, சோகை பிடித்தது போல இருக்கும். ஆணையும் பெண்ணுக்குச் சமமாகச் சிவக்க வைக்க வேண்டும் என்பது அவன் வெறி. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து ஜோடி சேர்த்து, கடைசியில் சாதித்தும் விட்டான். இறால் விஷயத்தில் அப்படி ஒரு பொறுமை அவனுக்கு. மனுஷர்கள் விஷயத்தில் அந்தப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் சண்டையில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டபோது கதவை உடைத்தான். உடைந்த கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்று, "எதுக்குத் தாழ்ப்பாள் போட்டே?" என்று சாந்தமாகக் கேட்டான். அந்தச் சாந்தம்தான் அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்பியது.

கிளம்பும்போது அண்ணனின் காரில் இரண்டு துணிப் பையும், இறால்கள் நிறைந்த வாளிகளும் ஏற்றினாள். நகையைக் கேட்காதவன் இறால்களைத் திருப்பிக் கேட்டான். தர முடியாது என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எதிர்க் கடை வாசலில் வந்து நின்று அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் வந்து பேச வேண்டிய விதத்தில் பேசிய பிறகு காணாமல் போனான்.

குடிவந்த அன்றே அண்ணன் வாசல் கதவின் பழைய பூட்டைக் கழற்றிப் போட ஏற்பாடு செய்துவிட்டான். பூட்டுக்காரர் வந்து கனமான புதுப் பூட்டைப் பொருத்தி, இரண்டு சாவிகளைக் கொடுத்தார். இனி உன் அனுமதி இல்லாமல் ஈகூட உள்ளே வராது தங்கச்சி என்று சொல்லிவிட்டுத் தன் போன் நம்பர் போட்ட ஸ்டிக்கரைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனார். ஒரு சாவி அவள் கைப்பையில். இன்னொன்று அண்ணனிடம்.

ஈ வராத வீட்டுக்குள் அவன் எப்படி வந்தான்?

காலையில் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். இறால் முட்டை போட்டதற்கு ஒருத்தனை அடிக்கப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்றான். அவள் சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும் குரல் மாறியது. முதலில் அந்த ஆண் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல், இருந்தால் நேராக அவன் வீட்டுக்குப் போகிறேன், பேசுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றான். அதற்குள் பூட்டுக்காரரைக் கூப்பிட்டு மறுபடி பூட்டை மாற்றச் சொன்னான். ஸ்டிக்கரைப் பார்த்து அவள் போன் செய்தாள். பக்கத்தில்தான் இருக்கிறேன், வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார் பூட்டுக்காரர்.

தொட்டி காலியாகிக்கொண்டே வந்தது. வாளி நிறைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து இன்னொரு வாளியை எடுத்தாள். இந்த அலமாரிக் கதவு குடிவந்த நாளிலிருந்தே தொங்கிப் போய், சாத்தவே முடியாமல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் எப்போதோ வந்து சரிசெய்துவிட்டுப் போயிருந்தான். செய்ததைச் சொல்லக்கூட இல்லை. அவன் அப்படித்தான்.

பாசிக் கொத்தைத் தூக்கி உதறினாள். கடைசியாக ஒளிந்திருந்த சில வெளியே சிதறின. அதில் ஒன்று மற்றவர்கள் மாதிரி தரையில் இறங்காமல் கண்ணாடியோரம் மேலும் கீழும் அலைந்தது. நல்ல பருமன். ரத்தச் சிவப்பு. வலையில் விழுந்தது. பெட்டிக்கு வந்தது.

வயிறு நேராக இருந்தது. பாவாடை இல்லை. முதுகில் மஞ்சள் இல்லை. தலையைவிடப் பெரிதாக மீசை. வால் நுனியில், சுண்ணாம்பு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி.

'மாப்பிள்ளை.'

ஜென்ட்ஸ் ஹாஸ்டலின் ராஜா. ஆண்களிலேயே பெரியவன், ஆண்களிலேயே சிவந்தவன். யாருக்கும் கட்டிக்கொடுக்காமல் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆண். தொட்டி நிறையப் பாசி வளர்ந்து கிடந்ததால் அவன் அங்கே இல்லாதது அவள் கண்ணில் படவில்லை. இவ்வளவு நேரம் அது வெறும் சந்தேகம். இப்போது உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டு மீசையை ஆட்டியது.

அண்ணனுக்கு இரண்டே வார்த்தை சொன்னாள். கிளம்பிவிட்டேன் என்றான் அவன். கார் கதவு சாத்தும் சத்தத்தோடு போன் அறுந்தது.

மாப்பிள்ளையை வலது பக்கத் தொட்டியில் திரும்ப விட்டாள். பெண்களையும் வாளிகளிலிருந்து அவர்கள் தொட்டியில் சேர்த்தாள். வலது பக்கத் தொட்டியில் ஆண்கள் எல்லாம் ஏனோ நிலைகொள்ளாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு மிரண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அதையெல்லாம் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

ஏனென்றால் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் அப்படியே நின்றாள். மூச்சைக்கூட விடவில்லை. மறுபடி தட்டல். கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கி, மேலே ஏறியது. அண்ணன் போய்ச் சேர்வதற்குள் அவன் இங்கே வந்துவிட்டானா? சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டாள். அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. வெங்காயம் நறுக்குவது போலத்தான் பிடித்திருந்தாள்.

"தங்கச்சி, நான்தான். பூட்டு."

அவள் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாள். கத்தியை மறைத்து வைத்துவிட்டு, மேஜையை நகர்த்தி, தாழ்ப்பாளை எடுத்தாள். பூட்டுக்காரர் தோள்பையோடு நின்றார். நரைத்த மீசை, வெளுத்த நீலச் சட்டை, காதில் பென்சில். பார்த்ததும் பாதிப் பயம் போய்விடுகிற முகம். மேஜையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேஜையின் ஒரு முனையை அவரே தூக்கிப் பிடித்து, பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட உதவினார்.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். இறால், முட்டை, கண் என்றெல்லாம் ஆரம்பித்தால் பைத்தியம் என்று நினைப்பார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எந்தப் பூட்டானாலும் ஒருநாள் எவனாவது திறப்பான், அதுக்காக மனசை விட்டுடலாமா, புதுசு போட்டுடுவோம் என்று தேறுதல் சொன்னார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வாசலில் குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். க்ரீச், க்ரீச் என்று அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கேட்க, காலையிலிருந்து முதன்முறையாக அவளுக்குப் பசித்தது. ஒரு ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு தெம்பு!

போன் அடித்தது. அண்ணன்.

அவள் பின் அறைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாப்பா, அவன் வீட்லதான் இருக்கேன்," என்றான் அண்ணன். மூச்சு வாங்கியது. "சட்டையைப் பிடிச்சுச் சுவரோட நிறுத்தி வெச்சிருக்கேன். என்னை என்ன வேணா பண்ணு, முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்கறான். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். என்னன்னு கேளு. அப்புறம் நான் என் வேலையைப் பாக்கறேன்."

கணவனின் குரல் வந்தது. அதே சாந்தம்.

"எது இடம் மாறியிருந்தது?"

"உனக்குத் தெரியாதா?"

"எதுன்னு சொல்லு."

"மாப்பிள்ளை."

பொண்ணுங்க பக்கத்திலிருந்து ஏதாவது பசங்க பக்கம் போயிருக்கா, பார்த்தியா என்று கேட்டான். அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"ஆண் தொட்டியைப் பார். பசங்க என்ன பண்றாங்க?"

அவள் திரும்பினாள். வலது பக்கத் தொட்டியில் அதே வட்டம். ஒருவனும் நிற்கவில்லை. மேலே, கீழே, மூலைக்கு மூலை, எதையோ தேடுகிறவர்கள் போல நீந்தினார்கள். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். சட்டென்று உறைக்காமல் போனதற்குப் பயம்தான் காரணம். பெண் இறால் சட்டை உரித்தவுடன் தண்ணீரில் ஒரு வாசனை பரவும். அது பட்டால் ஆண்களுக்கு இருப்புக் கொள்ளாது. பெண் எங்கே, எங்கே என்று தொட்டியையே கலக்குவார்கள்.

ஆண்கள் மட்டுமே இருக்கும் தொட்டியில் அந்த ஆட்டம் நடக்கவே கூடாது.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலையை இறக்கினாள். ஆண்கள் எல்லாம் மொய்த்துக்கொண்டிருந்த ஒரு மூலையில், பாசிக்கடியில், வெளுத்துப் போய்ச் சின்னதாக ஒன்று பதுங்கியிருந்தது. பூதக்கண்ணாடி. வயிற்றில் பாவாடை. பெண். இந்த இறால் பரம்பரையில் எப்போதாவது ஒன்று இப்படி நிறம் கூடாமல் பிறக்கும். அதையும் லேடீஸ் ஹாஸ்டலில்தான் விட்டு வைத்திருந்தாள்.

"இருக்கு," என்றாள். "வெளுப்பு. பொண்ணு."

"சிவப்பா இருந்த ஆணைத் தூக்கிப் பொண்ணுங்க பக்கம் விட்டிருக்கான். வெளுப்பா இருந்த பொண்ணைத் தூக்கிப் பசங்க பக்கம் விட்டிருக்கான்," என்றான் அவன் நிதானமாக. "நிறத்தை மட்டும் பார்த்திருக்கான். நீ தப்பாப் பிரிச்சு வெச்சுட்டேன்னு நினைச்சு, உனக்குச் சரிபண்ணிக் கொடுத்திருக்கான். நான் அப்படிப் பண்ணுவேனா?"

பண்ண மாட்டான். நிறத்தைப் பார்க்காதே, வயிற்றைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆணும் பெண்ணும் ஒரே சிவப்பாக வர வேண்டும் என்று வருஷக்கணக்கில் உயிரை விட்டவன், சிவப்பைப் பார்த்துப் பெண் என்று ஏமாறுவானா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாட்டான்.

இருந்தும் விடவில்லை. "என்னைப் பயமுறுத்தறதுக்காக வேணும்னே மாத்தி வெச்சிருப்பே," என்றாள்.

"உன்னைப் பயமுறுத்தணும்னா எனக்குக் கதவு போதும்," என்றான். "இறாலைத் தொட மாட்டேன். உனக்கே தெரியும்."

தெரியும். அவன் சொன்னதிலேயே மிக அசிங்கமான வாக்கியம் அதுதான். முழு உண்மையும் அதுதான். அவன் இல்லை. காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த முகம் மெல்லக் கலைந்தது. அந்த இடத்தில் வேறு எந்த முகமும் வரவில்லை. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. கதவை உடைக்கிறவன் வந்தால் சத்தம் கேட்கும், பார்த்தால் தெரியும். இவனோ கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவளுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஒத்தாசை.

அவள் பார்வை அலமாரிமேல் விழுந்தது. தொங்காமல், ஆடாமல், அழகாகச் சாத்தியிருந்த கதவு.

"அண்ணா, பின் ரூம் அலமாரிக் கதவை நீதானே சரிபண்ணே?"

"எந்த அலமாரி?"

"தொங்கிட்டிருந்ததே. சமையலறைக் குழாய்கூட ஒழுகாம நின்னுடுச்சு. நான் கடைக்குப் போனப்போ நீ வந்து..."

"பாப்பா, நான் அந்த வீட்டுப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு," என்றான் அண்ணன். அவன் குரலில் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. "சாவியை நான் இன்னும் கொத்துல கூடக் கோக்கலே. பீரோவுக்குள்ள கெடக்கு."

அறை சட்டென்று அன்னியமாகிவிட்டது. அவள் தினமும் சாய்ந்து நிற்கும் சுவர், அவள் வாங்கிய தொட்டிகள், அவள் துணிகள் அடுக்கியிருக்கும் அலமாரி. எல்லாவற்றிலும் வேறு யாருடைய கையோ பட்டிருந்தது. கடையிலிருந்து களைத்து வந்து, குழாய் ஒழுகவில்லையே என்று ஒரு சாயங்காலம் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அண்ணன் இருக்கிறான் நமக்கு என்று கண்கூடக் கலங்கியிருக்கிறாள். எந்த மடத்தனத்துக்கு அழுதோம்!

"நான் கிளம்பி வரேன்," என்றான் அண்ணன். "கதவைச் சாத்திக்கோ. நான் வர வரைக்கும் யாருக்கும் திறக்காதே."

"பூட்டுக்காரர் இருக்காரு. பூட்டு மாத்திட்டிருக்காரு."

"நல்லதாப் போச்சு. நான் வர்ற வரைக்கும் அவரை இருக்கச் சொல்லு."

அவன் குறுக்கே பேசினான், சுவரோடு நிறுத்தி வைக்கப்பட்டவன். அதே சாந்தம், ஆனால் முதன்முறையாக அதில் ஒரு விரிசல்.

"இரு. சாதாரண ஆளுக்கு இறால்ல ஆண், பெண் உண்டுன்னே தெரியாது. எவனுக்கோ யாரோ சொல்லியிருக்காங்க. சிவப்புன்னா பொண்ணு, வெளுப்புன்னா ஆண்னு, கடையில சொல்றாப்போல மேலோட்டமா. நீ அங்கே போனப்புறம் யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். யார் வருகிறார்கள் இந்த வீட்டுக்கு? கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் இறால் வளர்ப்பதே தெரியாது. மாடி வீட்டு அக்கா வாசலோடு பேசிவிட்டுப் போகிறவள். அண்ணனுக்கு வயிறும் தெரியாது, நிறமும் தெரியாது, கிண்டல் மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் கவனித்தாள். வாசலில் க்ரீச் சத்தம் நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது?

புதுப் பூட்டு விழும் சத்தம் கேட்டது. கனமாக, எண்ணெய் போட்ட சுத்தமான சத்தம். டக். உள்பக்கமிருந்து. பிறகு காலடிகள். ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, வழி கேட்காமல், தயங்காமல் வந்தன. அரை இருட்டான நடைவழியில் முதல்தடவை வருகிற யாரும் இடித்துக்கொள்ளும் அந்த ஷூ ஸ்டாண்டைத் தானாக விலகி வந்தன.

பூட்டுக்காரர் அறை வாசலில் நின்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிஞ்சுது என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்தார். வலது பக்கத் தொட்டியின் முன்னால் முழங்காலில் கைவைத்துக் குனிந்தார், குழந்தையைக் கொஞ்சக் குனிவது போல. வால் நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்த பெரிய சிவப்பு இறால் கண்ணாடியோரம் வந்து மீசையை ஆட்டியது. அதன்மேல் விரலை வைத்தார்.

"என்ன தங்கச்சி இது," என்றார் செல்லமாகக் கடிந்துகொள்வது போல. "இந்தப் பெரிய பொண்ணு மறுபடியும் ஆம்பளைங்க பக்கம் வந்துடுச்சே. நான் எத்தனை தடவைதான் எடுத்து விடறது?"

போனில் இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில், யார் அது, யார் பேசுறது என்று கேட்டன.

அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது. குடிவந்த அன்று, ஹாலில் இறக்கிய வாளிகளிலிருந்து இறால்களைத் தொட்டிக்கு மாற்றும் அவசரத்தில், வாசலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, இதுல எதும்மா ஆணு, எது பொண்ணு என்று கேட்டார். வயிறு, பாவாடை என்றெல்லாம் விளக்க அவளுக்குப் பொழுதில்லை. "சிவப்பா இருந்தா பொண்ணு, அண்ணே," என்று சொல்லிவிட்டாள். அப்படியா என்று ஆச்சரியமாகத் தலையை ஆட்டியவர் கையில், அன்றும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அவர் அவளிடம் கொடுத்தது இரண்டு சாவிகள். மூன்றாவது, இப்போது அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.